தொண்ணூறு பாயின்ட் பாக்கி! - பேக்-மேன் சிகரத்தில் ஒரு படி சறுக்கிய கனடாக்காரர்

33,33,360.

இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்: 33,33,270. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 90. சதவிகிதக் கணக்கில் பார்த்தால் 0.0027. பரீட்சையாக இருந்தால் டீச்சரே தாராள மனதோடு சென்டம் போட்டுவிடுவார். ஆனால், முதல் எண்ணைத் தொட்டவரின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாவது எண்ணோடு நின்றவரின் பெயர், வீடியோ கேம் வரலாற்றைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு மட்டுமே தெரியும்.

கேமின் பெயர் பேக்-மேன். மஞ்சள் நிற உருண்டை வாயைத் திறந்து மூடிக்கொண்டே ஓட, பின்னால் நான்கு பேய்கள் துரத்துமே, அதேதான். 90ஸ் கிட்ஸ் டி.வி-யில் கேசட் செருகி ஆடியிருப்பார்கள். அதற்குப் பிந்தியவர்களுக்கு, 2010-ம் ஆண்டு மே மாதம் பேக்-மேனின் 30-வது பிறந்தநாளுக்காக கூகுள் தன் முகப்பிலேயே வைத்த விளையாட்டு ஞாபகம் இருக்கலாம். அன்றைக்கு எத்தனை ஆபீஸ்களில் வேலை நின்றிருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த டோரு இவாடானி உருவாக்கி, 1980-ல் வெளிவந்த கேம் இது. துப்பாக்கிச்சூடும் விண்கலங்களுமாக இருந்த கேம் சென்டர்களுக்குப் பெண்களும் ஜோடிகளும் வர வேண்டும் என்பதற்காகவே, சாப்பிடுவதை மையமாக வைத்து யோசித்தாராம். ஜப்பானில் 'பக் மேன்' என்று இருந்த பெயர் அமெரிக்காவுக்குப் போனபோது பேக்-மேன் ஆனது. 'பக்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தில் குறும்புக்காரர்கள் கொஞ்சம் சுரண்டினால் கெட்ட வார்த்தையாகிவிடும் என்ற பயம்தான் காரணம்!

குழந்தைகூட ஆடக்கூடிய இந்த கேமில் ஒருவர் 33 லட்சத்துக்கு மேல் எடுத்து, அதிலும் 90 பாயின்ட்டில் கோட்டைவிட்டது எப்படி? அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

எந்த கேமுக்கும் உச்சவரம்பு உண்டா?

பெரும்பாலான பழைய கேம்களில் திறமை இருக்கும்வரை ஆடிக்கொண்டே போகலாம். ஸ்கோருக்கு எல்லை கிடையாது. பேக்-மேன் அப்படி இல்லை. 255 லெவல்கள் முழுசாக இருக்கின்றன. 256-வது லெவலில் மெஷினுக்கே மூளை குழம்பிவிடும்.

எந்த லெவலில் இருக்கிறோம் என்பதை மெஷின் 8 பிட் அளவுள்ள ஒரு சின்ன இடத்தில் குறித்து வைக்கிறது. அதில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். பழைய பைக் மீட்டரில் 99999 கிலோமீட்டர் தாண்டினால் மறுபடி 00000 வருமே, அதே கதை. திரையின் கீழே, கடந்து வந்த லெவல்களைக் காட்டும் வகையில் சின்னச் சின்னப் பழங்கள் வரிசையாக இருக்கும். அதிகபட்சம் ஏழுதான். 256-வது லெவலில் இந்தப் பழங்களை வரையும் புரோகிராம் 255-உடன் ஒன்றைக் கூட்டிப் பார்க்கிறது. பூஜ்யம் வருகிறது. அந்தப் பூஜ்யத்திலிருந்து ஒன்று ஒன்றாகக் கழித்து எண்ண ஆரம்பித்ததும், ஏழு பழத்தோடு நிற்க வேண்டியது 256 பழங்களை வரைந்து தள்ளிவிடுகிறது. பழத்துக்கான படங்கள் தீர்ந்த பிறகும் நிறுத்தாமல், கையில் கிடைத்த எழுத்து, எண், நிறம் என எல்லாவற்றையும் வாரி இறைக்கிறது. விளைவு? திரையின் வலது பாதி முழுக்கக் குப்பை. இடது பாதி மட்டும் வழக்கம்போல் சுத்தமாக இருக்கும்.

ஒரு லெவலை முடிக்க 244 புள்ளிகளைச் சாப்பிட வேண்டும். (புள்ளி என்றால் திரையில் உள்ள பொட்டு. மார்க்கை நாம் பாயின்ட் என்றே வைத்துக்கொள்வோம்.) 256-வது லெவலில் அத்தனை புள்ளிகளே கிடையாது. ஆகவே லெவல் முடியாது. கேம் அங்கேயே முடிந்துவிடும்.

1982-ல் அமெரிக்காவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் 61,31,940 பாயின்ட் எடுத்ததாகச் செய்தி வந்து, அதிபர் ரொனால்ட் ரீகனிடமிருந்தே வாழ்த்துக் கடிதம் போனது. மேலே சொன்ன விஷயத்தைத் தெரிந்துகொண்டால் அந்த ஸ்கோர் சாத்தியமே இல்லை என்று புரியும். 1999 செப்டம்பரில், அந்த உடைந்த திரையைத் தாண்டிக் காட்டுகிறவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு என்று பில்லி மிட்செல் என்ற ஆட்டக்காரர் அறிவித்தார். கெடு முடியும்வரை பரிசை வாங்க யாரும் வரவில்லை. இந்த மிட்செல்லை நினைவில் வையுங்கள். கதையில் திரும்ப வருவார்.

நிறைவான ஆட்டத்தின் கணக்கு

உச்சவரம்பு இருப்பதால், ஒன்றையும் விடாமல் ஆடினால் எவ்வளவு வரும் என்று பேப்பரில் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு லெவலில் 240 சின்னப் புள்ளிகள், தலா 10 பாயின்ட். நான்கு பெரிய புள்ளிகள், தலா 50. ஆக மொத்தம் 2,600. இப்படி 255 லெவல்கள் என்றால் 6,63,000.

பெரிய புள்ளியைச் சாப்பிட்டால் பேய்கள் சிறிது நேரம் நீல நிறமாகும். அப்போது பேக்-மேன் அவற்றையே சாப்பிடலாம். அடுத்தடுத்து நான்கையும் பிடித்தால் 200, 400, 800, 1,600 என்று ஏறி 3,000 கிடைக்கும். நான்கு பெரிய புள்ளிகளுக்கு 12,000. ஆனால் பேய்கள் நீலமாவது முதல் 16 லெவல்களிலும், 18-வது லெவலிலும் மட்டும்தான். ஆக 17 லெவல்களில் 2,04,000.

மிச்சம் பழங்கள். லெவலுக்கு இரண்டு முறை, 70 புள்ளிகள் சாப்பிட்ட பிறகு ஒன்று, 170-க்குப் பிறகு ஒன்று எனத் தலைகாட்டிவிட்டு பத்து செகண்டுக்குள் மறைந்துவிடும். முதல் லெவலின் செர்ரிக்கு 100 பாயின்ட்தான். போகப்போக விலை ஏறும். 13-வது லெவலிலிருந்து கடைசிவரை பழத்துக்குப் பதில் ஒரு சாவி வரும். அதற்கு 5,000! உண்மையான பொக்கிஷம் இந்தச் சாவிதான். 33 லட்சத்தில் 24 லட்சத்துக்கு மேல் சாவிகள் கொடுப்பதே. பேயைத் துரத்துவதுதான் பேக்-மேனில் வீரம் என்று நினைத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். பெரிய வருமானம், சொன்ன நேரத்துக்கு வந்து சாவியை எடுத்துக்கொள்ளும் ஒழுங்கில் இருக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டினால் 255 லெவல் முடிவில் 33,26,600. இன்னும் வேண்டியது 6,760. அது முழுக்க அந்த உடைந்த திரையிலிருந்து வர வேண்டும்.

குப்பைக்குள் ஒன்பது புள்ளிகள்

256-வது லெவலின் இடது பாதியில் 112 சின்னப் புள்ளிகளும் 2 பெரிய புள்ளிகளும் ஒழுங்காக இருக்கின்றன. அதற்கு 1,220 பாயின்ட். ஒரு சாவி வரும். அதற்கு 5,000. மீதி 540?

வலது பாதியின் குப்பைக்குள்தான் இருக்கிறது ரகசியம். அங்கே சிதறிய எழுத்துகளுக்கு நடுவே ஒன்பது புள்ளிகள் ஒளிந்திருக்கின்றன. சில கண்ணுக்கே தெரியாது. சுவர் எங்கே, வழி எங்கே என்பதும் தெரியாது. எங்கே திரும்பினால் போக முடியும் என்பதைப் பாடம் பண்ணி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

விசேஷம் என்னவென்றால், பேக்-மேன் ஓர் உயிரை இழந்து மறுபடி தொடங்கும்போது, இடது பக்கத்தில் சாப்பிட்ட புள்ளிகள் போனது போனதுதான். வலது பக்கத்தின் ஒன்பது புள்ளிகள் மட்டும் திரும்ப முளைத்துவிடும்! அதாவது, கையில் எத்தனை உயிர்கள் இருக்கின்றனவோ, அத்தனை முறை அந்த ஒன்பதையும் சாப்பிடலாம்.

சாதனைக்காக ஆடும்போது மெஷினில் ஐந்து உயிர்கள் வைத்திருப்பார்கள். 10,000 பாயின்ட் எடுத்ததும் போனஸாக ஒன்று. மொத்தம் ஆறு. ஆறு முறை ஒன்பது புள்ளிகள், புள்ளிக்கு 10 பாயின்ட். 540!

ஆக, நிறைவான ஆட்டம் என்றால், 255 லெவல்களையும் ஓர் உயிர்கூட விடாமல் கடந்து, ஆறு உயிர்களையும் அப்படியே உடைந்த திரைக்குக் கொண்டுபோய், அங்கே ஒவ்வொன்றாகச் செலவழிக்க வேண்டும். இத்தனை மணி நேரம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய உயிரைக் கடைசியில் தானாகவே பேயிடம் போய்க் கொடுக்க வேண்டும். அடுத்த உயிர், மறுபடி அதே ஒன்பது புள்ளிகள். வேடிக்கையான முடிவுதான்.

இன்னொரு வேடிக்கையும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. இடது பக்கத்தின் 114-உடன் வலது பக்கத்தின் 54-ஐக் கூட்டினால் 168. இரண்டாவது சாவி வர 170 தேவை. இரண்டே இரண்டு புள்ளிகள் குறைவு! மெஷினே ஆட்டக்காரருக்கு ஐந்தாயிரத்தைக் காட்டி மறைத்த மாதிரி.

இந்த உடைந்த திரையைத் துருவித் துருவி ஆராய்ந்து, உச்சவரம்பு 33,33,360 என்று கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பில்லி மிட்செல்லும் அவருடைய நண்பர் கிறிஸ் ஆய்ராவும். மலை எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிட்டது. யார் முதலில் ஏறுவது என்பதுதான் பாக்கி.

தொண்ணூறு என்ற எண் சொல்லும் சாட்சி

1999-ல் கனடாவைச் சேர்ந்த ரிக் ஃபோதர்கில் ஏறினார். ஏறி, 33,33,270-ல் நின்றார்.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் 'அடடா, கொஞ்சத்தில் போச்சே' என்று தோன்றும். ஆனால் இதுவரை போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 90-ஐப் பாருங்கள். அது ஒரு துப்பறியும் கதைபோல் பேச ஆரம்பிக்கும்.

பேய் ஒன்றை விட்டிருந்தால் குறைந்தபட்சம் 1,600 பாயின்ட் போயிருக்கும். சாவியை விட்டிருந்தால் 5,000. கேமிலேயே மலிவான முதல் லெவல் செர்ரியை விட்டிருந்தால்கூட 100 குறைந்திருக்கும். பேய்களும் பழங்களும் கொடுப்பதெல்லாம் நூறின் மடங்குகள். அவற்றில் எதை விட்டாலும் 90 மட்டும் குறைய வழியே இல்லை. சின்னப் புள்ளிகளையும் முதல் 255 லெவல்களில் விட முடியாது. எல்லாவற்றையும் சாப்பிட்டால்தான் அடுத்த லெவலே வரும்.

அப்படியென்றால் ஃபோதர்கில், பிடிக்க வேண்டிய 272 பேய்களையும் பிடித்திருக்கிறார். சாவிகளையும் சேர்த்து 511 பழங்களையும் எடுத்திருக்கிறார். குறைந்தது ஒன்பதே ஒன்பது புள்ளிகள். அதாவது, அச்சு அசலாக ஓர் உயிரின் விலை. ஆறு தேவைப்பட்ட இடத்தில் ஐந்து உயிர்களின் அறுவடைதான் கணக்கில் வருகிறது.

இதன் அருமை புரிய வேண்டுமென்றால், அந்த 272 பேய்களைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டும். முதல் லெவலில் பேய்கள் ஆறு செகண்ட் நீலமாக இருக்கும். ஒன்பதாவது லெவலுக்கு வரும்போது ஒரே ஒரு செகண்ட். பத்தாவதில் மனமிரங்கி ஐந்து செகண்ட் கொடுக்கும். 12, 13, 15, 16, 18 எல்லாம் மறுபடி ஒரு செகண்ட்தான். அதற்குள் நான்கு பேய்களையும் பிடிக்க வேண்டுமானால், முன்கூட்டியே நான்கையும் பின்னால் இழுத்துவந்து ஒரே கொத்தாகச் சேர்த்து, சரியான மூலையில் திரும்பி, பெரிய புள்ளியை விழுங்க வேண்டும். இதை லெவலுக்கு நான்கு முறை செய்ய வேண்டும்.

பேய்களுக்குத் தனித்தனி குணம் இருப்பதால்தான் இது முடிகிறது. சிவப்புப் பேய் பிளிங்கி நேராக நம்மைத் துரத்தும். இளஞ்சிவப்பு பிங்கி, நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலநிற இங்கி, நாம் இருக்கும் இடத்தையும் பிளிங்கி இருக்கும் இடத்தையும் வைத்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு நிற கிளைட் பாவம், எட்டு கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். இவற்றில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. நாம் அதே வழியில் அதே நேரத்தில் போனால், பேய்களும் இம்மி பிசகாமல் அதே வழியில் வரும். அந்த வழியைத்தான் ஆட்டக்காரர்கள் 'பேட்டர்ன்' என்கிறார்கள்.

235 முறை அதே பாடம்

21-வது லெவலிலிருந்து 255 வரை கேம் மாறுவதே இல்லை. அதே வேகம், அதே பேய்கள், அதே சாவி. நல்ல பேட்டர்ன் ஒன்று மனப்பாடமாக இருந்தால் போதும், 235 முறை அதையே ஆட வேண்டும். கேட்க சுலபம். எனக்கென்னவோ, மொத்த ஆட்டத்திலும் பயங்கரமான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. பேய் பிடிக்கும் முதல் 18 லெவல்களில் தப்பு நடந்தால் கேமை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். பெரிய நஷ்டமில்லை. இங்கே மூன்று மணி நேரம் ஆடி, 180-வது முறை அதே திருப்பத்தில் கை ஒரு நொடி தாமதித்தால்?

ஓர் உயிர் போகும். அதோடு விடாது. உயிர் போனபின் பேய்கள் கூண்டைவிட்டு வெளியே வரும் கணக்கை மெஷின் மாற்றிக்கொள்ளும். எனவே மனப்பாடம் செய்த பேட்டர்ன் அந்த லெவலின் மிச்சப் பகுதிக்கு உதவாது. சொந்தப் புத்தியில் தப்பிக்க வேண்டும். சாவி வரும் நேரத்தில் இது நடந்தால் அதையும் விடாமல் எடுத்தாக வேண்டும். அடுத்த லெவல் பிறந்தால்தான் பழைய பேட்டர்ன் திரும்பக் கைகொடுக்கும்.

இடையில் கையை எடுக்க ஒரே ஒரு வழி இருக்கிறது. பேக்-மேன் தொடங்கும் இடத்துக்கு அருகே ஒரு மூலையில், பேய்கள் பார்க்காத நேரத்தில் போய் நின்றுகொண்டால், அவை நம்மைக் கண்டுபிடிக்காமல் சுற்றிச் சுற்றி வரும். தண்ணீர் குடிக்க, முகம் கழுவ அதுதான் இடைவேளை. திரும்பி வரும்போது மஞ்சள் உருண்டை பத்திரமாக இருக்கும்.

உயிர் போன அந்த நொடியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது என்பதுதான் இதில் கொடுமை. நிறைவான ஆட்டம் இனி இல்லை. ஆட வேண்டிய லெவல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கிரிக்கெட்டில் 99-ல் அவுட்டானவர் உடனே பெவிலியன் திரும்பிவிடலாம். இங்கே ஓர் உயிரை விட்ட ஆட்டக்காரர், 'சென்டம் போச்சு' என்று தெரிந்தும் மீதி அத்தனை லெவல்களையும் ஒரு சாவிகூட விடாமல் ஆடினால்தான் 33,33,270 கிடைக்கும். இந்த ஸ்கோரை நான் மதிப்பது அதற்காகத்தான்.

சொல்ல மறந்துவிட்டேன், மெஷினின் திரையில் இந்த 33 லட்சமெல்லாம் தெரியாது. ஆறு இலக்கத்துக்குமேல் காட்ட இடமில்லாததால் பத்து லட்சத்தைத் தாண்டும்போதெல்லாம் ஸ்கோர் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மூன்று முறை சுற்றிவந்து 333360 என்று காட்டினால்தான் நிறைவான ஆட்டம். ஃபோதர்கில்லின் கணக்கு 333270.

28 நாள் இடைவெளி

ஃபோதர்கில் இவ்வளவு அருகில் வந்துவிட்டது மிட்செல்லை உசுப்பிவிட்டது. மலையின் உயரத்தை அளந்தவர் அவர். வேறொருவர் முதலில் ஏறிவிட்டால்? 1999 ஜூலை 3, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு முதல்நாள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லகோனியாவில் உள்ள ஃபன்ஸ்பாட் கேம் சென்டரில், ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆடி 33,33,360-ஐத் தொட்டார் மிட்செல். அமெரிக்கக் கொடி போட்ட டை அவருடைய அடையாளம். எதிராளி கனடாக்காரர் என்பதால் அந்தக் கொடிக்கு அன்று கூடுதல் அர்த்தம் வந்துவிட்டது.

மற்ற கேம்களில் சாதனை படைத்தவர்மீது எப்போதும் ஒரு பயம் தொங்கும். நாளைக்கு யாராவது ஒரு பாயின்ட் அதிகம் எடுத்துவிடலாம். பேக்-மேனில் அந்தப் பயம் கிடையாது. இதற்குமேல் யாரும் எடுக்கவே முடியாது, சமன் செய்யலாம், அவ்வளவுதான். எனவே 'முதல் ஆள்' என்ற பட்டம் ஒரே ஒருமுறை மட்டும் கொடுக்கப்படக்கூடியது. ஃபோதர்கில் இழந்த தொண்ணூறு பாயின்ட்டின் உண்மையான விலை அந்தப் பட்டம்.

மனிதர் விட்டுவிடவில்லை. அதே மாதம் 31-ம் தேதி, அதாவது சரியாக 28 நாள் கழித்து, ஆறு உயிர்களையும் உடைந்த திரைக்குக் கொண்டுபோனார். 33,33,360. உலகில் இரண்டாவது ஆள். 2000 பிப்ரவரியில் மிட்செல்லின் நண்பர் ஆய்ராவும் அந்த ஸ்கோரைத் தொட்டார்.

முதலிடம் பிடித்த மிட்செல்லின் கதையும் நிம்மதியாக முடியவில்லை. 'தி கிங் ஆஃப் காங்' என்ற 2007-ம் ஆண்டு ஆவணப்படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். டாங்கி காங் என்ற வேறொரு கேமில் அவர் சமர்ப்பித்த வீடியோக்கள், மாற்றம் செய்யப்படாத அசல் மெஷினில் ஆடியவை அல்ல என்று, சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு 2018 ஏப்ரலில் முடிவு செய்தது. அவருடைய ஸ்கோர்கள் எல்லாவற்றையுமே பட்டியலிலிருந்து நீக்கியது. பேக்-மேன் ஸ்கோரும் அதோடு போனது. குற்றச்சாட்டை மறுத்த மிட்செல் வழக்கு போட்டார். கின்னஸ் 2020 ஜூனில் அவருடைய சாதனைகளைத் திரும்பச் சேர்த்தது. 2024 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்து, ட்வின் கேலக்ஸீஸும் அவருடைய ஸ்கோர்களைத் தன் பழைய ஆவணப் பட்டியலில் வைத்தது.

இன்று பேக்-மேன் ஆட்டக்காரர்கள் ஸ்கோருக்காகப் போட்டி போடுவதில்லை. எல்லோருக்கும் அதே 33,33,360 என்பதால், யார் சீக்கிரம் முடிப்பது என்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த டேவிட் ரேஸ் 2013-ல் 3 மணி 28 நிமிடம் 49 செகண்டில் முடித்தார். சராசரியாக ஒரு லெவலுக்கு 49 செகண்ட். அந்த வேகத்திலும், கடைசித் திரைக்குப் போகும்போது ஆறு உயிர்களும் கையில் இருக்க வேண்டும்.